பூநாரை செய்த விரல்கள்

வியாழக்கிழமை பதினொரு மணி பஸ் வந்து நின்றதும் நஃபீசாவின் கண் தானாகவே கடை வாசலுக்குப் போய்விடும். கீழ்வேளூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, வளையலும் கிளிப்பும் பலூனும் தொங்கும் அந்தச் சின்ன பேன்சி ஸ்டோரில், பத்து மாதமாக எல்லாவற்றையும்விட வேகமாக விற்றுத் தீர்கிற சரக்கு ஒன்று இருந்தது. கையால் செய்த காகிதப் பொருட்கள். தீக்குச்சி அகலத்துக்கு நறுக்கிய வண்ணக் காகித நாடாக்களைச் சுருட்டி, அழுத்தி, ஒட்டிச் செய்த வாழ்த்து அட்டைகள், மோதிரப் பெட்டிகள், சாவிக்கொத்துகள். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பறவை இருக்கும். அதிலும் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை அட்டைக்குத் தனி மவுசு.

கொண்டுவந்து தருகிறவள் எழில்மொழி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளம்பெண். யார் கேட்டாலும் "நானே செஞ்சதுதான்" என்பாள். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

நஃபீசாவுக்கோ எதையும் தோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கடைக்குப் புது பொம்மை வந்தால், திருகாணியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு வைப்பாள்.

ஒரு வியாழக்கிழமை, அட்டை ஒன்றில் பூநாரையின் கால் பிய்ந்திருந்தது. "இதை மட்டும் ஒட்டிக் குடுத்துட்டுப் போ எழிலு" என்று பசையை நீட்டினாள். எழில்மொழி தயங்கியபடி ஒட்டினாள். அவள் போன பிறகு நஃபீசா அதை மற்ற அட்டைகளோடு சேர்த்துப் பார்த்தாள். மற்றவற்றில் பறவையின் கால் மடிப்பு பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எழில்மொழி ஒட்டியதில் மனிதர் முட்டியைப் போல முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

'இதைச் செஞ்சவங்க பூநாரையை மணிக்கணக்கா நின்னு பார்த்திருக்காங்க. இவ பார்த்ததே இல்ல' என்று நினைத்துக்கொண்டாள். அப்படியானால் யார்? அன்று முழுக்க அவளுக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

அந்த வாரமே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை கனிமொழி கடைக்கு வந்தாள். "இதைச் செய்றவங்க எங்க ஸ்கூலுக்கு வந்து ஒருநாள் கத்துக்குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். எழில்மொழிக்கு போன் போட்டால், "எனக்கு நேரமில்லக்கா" என்று வைத்துவிட்டாள். இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று, நஃபீசா கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வாய்க்கால் கரையோரம், வேப்பமரத்தடியில் உப்பு லாரி ஒன்று நின்றது. அதை ஒட்டிய வீடுதான் எழில்மொழியுடையது. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மாமியார் நீலாம்பாள், ஆளைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இருங்க, இருங்க, நான் கூப்புடுறேன்" என்று அவள் தடுப்பதற்குள் நஃபீசா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் எழில்மொழியின் கணவன் வளவன். வேதாரண்யம் உப்பளத்துக்கு லாரி ஓட்டுகிறவன். வாட்டசாட்டமான உடம்பு, முறுக்கிய மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. தடித்த விரல்களுக்கு நடுவே இளஞ்சிவப்புக் காகிதம் ஒன்று சுருண்டுகொண்டிருந்தது.

நஃபீசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, நீங்களா தம்பி! இவ்வளவு பெரிய மீசையை வச்சுக்கிட்டு பொம்பள மாதிரி பூ சுத்திக்கிட்டு இருக்கீங்க!"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் வளவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். எழுந்து வெளியே போனான். லாரி உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து வந்த எழில்மொழியின் கண்கள் கலங்கியிருந்தன. "பத்து மாசமா எதுக்குப் பயந்து என் பேரைச் சொன்னோமோ, அதையே செஞ்சிட்டீங்கக்கா."

"டிரைவருங்க மத்தியில தெரிஞ்சா என் புள்ள தலை நிமிந்து நடக்க முடியாதும்மா. நான்தான் மறைக்கச் சொன்னேன்" என்றாள் நீலாம்பாள்.

அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மருந்துக்கடைப் பக்கம் போனால் எழில்மொழி தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு அட்டை, அந்தக் கால் கோணிய பூநாரை. ஒரு மதியம் நஃபீசா அதை மேசைமேல் வைத்து, ஊசியால் ஒவ்வொரு சுருளாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு சிறகில் மட்டும் நாற்பத்தொரு சுருள். உள்ளே போகப் போகச் சுருள் சிறிதாகிக்கொண்டே போனது. அடித்தட்டில் இருந்தவை வாங்கிய காகிதமே இல்லை. எடைமேடையில் தருகிற ரசீதுத் தாள்கள். அவற்றில் லாரி எண்ணும் உப்பின் எடையும் மங்கலாகத் தெரிந்தன. பிரித்ததைத் திரும்பச் சுருட்டிப் பார்த்தாள். வரவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்தும், நாற்பத்தொன்றில் மூன்றுகூடத் தேறவில்லை.

இவ்வளவு பொறுமையைப் பார்த்தா சிரித்தோம் என்று அவளுக்கு நெஞ்சு சுட்டது. கடையை நடத்துகிறவள் அவள். "பொம்பளைக்கு எதுக்கு வியாபாரம்?" என்று கேட்டவர்களோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்! அதே வார்த்தையைத் திருப்பிப் போட்டு இன்னொருவன் மேல் எறிந்திருக்கிறோமே!

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் போனாள். வளவன் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் சிரிச்சது தப்பு. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"விடுங்கக்கா. யாரா இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வாங்க."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது." பிரித்த சுருள்கள் இருந்த உறையை அவனிடம் நீட்டினாள். "ஒரு சிறகைக்கூடத் திருப்பிச் செய்ய முடியல. இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

அவன் உறைக்குள் பார்த்தான். அவனையறியாமல் முகம் இளகியது. "லோடுக்கு வரிசையில நின்னா அரைநாள் போயிடும்க்கா. மத்தவங்க சீட்டாடுவாங்க. நான் கேபின்ல உக்காந்து ரசீதைச் சுருட்டிக்கிட்டு இருப்பேன். கோடியக்கரைப் பக்கம் பூநாரை கூட்டமா எறங்கும். கழுத்து எப்படி வளையுது, காலு எப்படி மடங்குதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். வண்டிக்கு யாராச்சும் வந்தா சீட்டுக்கு அடியில தள்ளிடுவேன்."

"இனிமே எதுக்குத் தள்ளணும்? செய்றவர் வளவன்னு கடையில எழுதி வைக்கட்டுமா? பக்கத்து ஊர் ஸ்கூல்ல ஒருநாள் கத்துக்குடுக்கவும் கேக்குறாங்க, வர்றீங்களா?"

அவன் வாசலைப் பார்த்தான். அங்கே நின்றிருந்த நீலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னைப் பாக்காதடா. உனக்கு எது சந்தோசமோ அதைச் செய்யி" என்றாள். அவள் பின்னால் நின்ற எழில்மொழி முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை வளவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பின்னால் நஃபீசா காகிதக் கட்டுகளோடு வந்தாள். ஒரு பெண்ணை எதிர்பார்த்திருந்த கனிமொழி ஒரு கணம் திகைத்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டாள். வகுப்பில் இருபது மாணவிகள் கண்ணகலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன.

வளவன் பெட்டியைத் திறக்காமல் நின்றான். "பசங்க எங்க டீச்சர்?"

"அவங்களை கிரவுண்டுக்கு அனுப்பிட்டேங்க. இது பொம்பளப் புள்ளைங்க வேலைதானேன்னு..." சொல்லும்போதே கனிமொழியின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த நெனப்புதாங்க என் பேரைப் பத்து மாசம் மறைச்சு வச்சுது" என்றான் வளவன். குரலில் கோபம் இல்லை. "காகிதத்துக்கு ஆம்பள விரலு, பொம்பள விரலுன்னு தெரியாது. நமக்குத்தான் தெரியுது. இது அவங்க வேலை, அது இவங்க வேலைன்னு நாம பிரிச்சு வச்சா, தன் கையில என்ன இருக்குன்னே தெரியாம பாதிப் புள்ளைங்க வளந்துடும். வெக்கப்பட வேண்டியது செய்யிற கை இல்லீங்க, பாத்துச் சிரிக்கிற நாமதான்."

நஃபீசா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நானும் அப்படிச் சிரிச்சவதான் டீச்சர்" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

கனிமொழி வேகமாக வராந்தாவுக்குப் போய், மைதானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் தட்டி, பையன்கள் எல்லாரையும் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.