நம்பர் ஏழின் முதல் பழம்

தப்பு என்னுடையதுதான். ஆனால் அதே தப்பை இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூடிப்போன நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டின் அடிவாரத்தில் ஒரு ஆராய்ச்சித் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றதும் பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண். அதில் எலுமிச்சை வளருமா, வளர்ந்தால் பழத்தில் விஷம் ஏறுமா என்று பார்ப்பது ஷோபாவின் வேலை. மாரிகுப்பத்துப் பெண், தோட்டக்கலை படித்தவள். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. இருபது கன்று நட்டோம், பத்தொன்பது போய்ச் சேர்ந்தது. பிழைத்தது நம்பர் ஏழு மட்டும். மூன்று வருடம் கழித்து அது ஒரே ஒரு பழம் விட்டது.

அந்த நேரம் பார்த்து நிதி நின்றது. சித்திரை வெயிலில் டேங்கர் தண்ணீர் இல்லாவிட்டால் நம்பர் ஏழு பத்து நாள் தாங்காது. ஷோபா மனு எழுதிக்கொண்டு நகராட்சி நிதிக்குழுத் தலைவர் துளசிராமனைப் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நான்.

பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? ஒரு எலுமிச்சம்பழமாவது வேண்டாமா? நம் மரத்துப் பழமே இருக்கும்போது கடைப் பழம் எதற்கு என்று தோன்றியது. வாங்கிக் கண்ணில் ஒற்றி மேசையில் வைப்பார், அதைக் காட்டியே ஷோபா பேசலாம். அவளிடம்கூடச் சொல்லாமல் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ராபர்ட்சன்பேட்டையில் அவருடைய ஜவுளிக்கடைக்கு மேலேயே வீடு. நான் இரண்டு கையாலும் நீட்டிய பழத்தைத் தலைவர் போனைப் பார்த்தபடியே வாங்கி மனைவி ராஜத்திடம் கொடுத்தார். கண்ணிலும் ஒற்றவில்லை, மேசையிலும் வைக்கவில்லை. என்ன மனுஷனோ என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா இது, ஆராய்ச்சிக்கு நிதியா?" மனுவைப் புரட்டினார். "ஆராய்ச்சிக்கு ரிப்பன் எங்க கட்றது? கல்வெட்டுல இன்னா எழுதறது? ஒரு ஆர்ச் கேளு, நாளைக்கே தர்றேன்."

"ஆர்ச்சுக்குள்ள ஒரே ஒரு மரம்தான் சார் இருக்கும். அதுவும் செத்துக் கிடக்கும்," என்றாள் ஷோபா.

"அப்ப மரத்தைச் சுத்தி காம்பவுண்டு கேளு."

ராஜம் அவருக்கு மட்டும் ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். ஷோபா விடாமல் போனில் படத்தைக் காட்டினாள்.

"இதுதான் சார் நம்பர் ஏழு. இந்த ஒரு பழம்தான். திங்கட்கிழமை லேபுக்கு அனுப்பணும். எவ்ளோ ஆர்சனிக் ஏறியிருக்குன்னு தெரியாம இதை யாரும் வாயில வைக்கக் கூடாது."

நான் டம்ளரைப் பார்த்தேன். அடியில் ஒரு எலுமிச்சை விதை கிடந்தது.

"ஷோபா, அந்தப் பழம் இப்ப மரத்துல இல்ல."

"வேற எங்க இருக்குது?"

நான் தலைவரின் தொப்பையைப் பார்த்தேன். ஷோபாவும் பார்த்தாள். கடைசியாகத் தலைவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அடிப்பாவி!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவர் உயிருக்காக, அவள் பழத்துக்காக.

"எலுமிச்சம்பழம் குடுத்தா கையில வச்சிப்பாங்க. பிழிஞ்சி குடிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

துளசிராமன் எழுந்து நின்றுவிட்டார். "விஷமா இல்லியா, சொல்லும்மா!"

"தெரியாது சார். அதைத் தெரிஞ்சிக்கத்தான் நிதி கேட்டு வந்தோம்." ஷோபாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இருந்த ஒண்ணையும் நீங்க குடிச்சிட்டீங்க. இனிமே மரம் மறுபடி காய்க்கணும். அதுக்கு மொதல்ல அது சாகாம இருக்கணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு கையில் ரத்தம் எடுக்க, மறு கையால் மனுவில் கையெழுத்துப் போட்டார். 'மிக அவசரம்' என்று அவரே எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். அடுத்த கூட்டத்தில் இரண்டு வருட நிதி நிறைவேறியது. டேங்கர் வந்த அன்று நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஷோபாவுக்குப் பொய் வராது. "ஒரு பழம், ஒரு ஆளை வச்சி எதுவும் சொல்ல முடியாது சார்," என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாரா வாரம் வந்து மரத்தடியில் நின்று, தண்ணீர் ஊற்றினாயா என்று என் உயிரை எடுக்கிறார்.

போன வாரம் நம்பர் ஏழு பூத்திருந்தது. எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார். சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாக்கியம்மா, இந்தத் தபா லேபுக்கு அனுப்பிட்டு மிச்சம் இருந்தா, எதிர்க்கட்சி ஆபீசுக்கு ஒரு நடை போய்ட்டு வா. பெரிய மனுசனைப் பாக்க வெறுங்கையோட போவாதே."