கோபுரத்து மணியும் எங்கள் லைனும்

1.

இந்தக் கதை புகார்க் கடிதமாகப் பிறந்தது. “மதிப்பிற்குரிய ஐயா, கோப்பெங் அருகே இப்போது செம்பனை நிற்கும் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்கு இணையம் கேட்டு முன்பே எழுதியிருந்தேன், அதன் தொடர்பாக...” இவ்வளவில் பேனாவை மூடினேன். கம்பெனியின் பதில் எனக்கு மனப்பாடம்: வீடுகள் குறைவு, கேபிள் போட்டால் கட்டுப்படியாகாது. அதற்குள் தோட்டத்து ஆட்களே கூடி ஒரு லைன் அமைத்துவிட்டார்கள். இனி யார்மேல் புகார் எழுதுவது? அதனால் கதை.

2.

செம்பனை மரங்களுக்கு மேலே விடியல் மெல்ல...

(வேண்டாம். விடியலை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் டொமினிக்கைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.)

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை. ஜெலாப்பாங்கில் வயரிங் வேலை பார்க்கும் எங்கள் தோட்டத்து டொமினிக், மாதா கோயில் கோபுரத்தில் ஏறி டிஷ்ஷைக் கட்டினான். செம்பனைக்கு மேலே தலை நீட்டுவது அந்தக் கோபுரம் ஒன்றுதான். அங்கிருந்து கோப்பெங் டவுனில் ஷரபுதீன் பாயின் சாப்பாட்டுக் கடை மாடி தெரியும். அந்தக் கடைவரை வந்து நின்றுவிட்ட கம்பெனி கேபிளிலிருந்து இணையம் காற்றுவழியே தோட்டத்துக்குத் தாவியது. டிஷ், பெட்டி எல்லாம் வீட்டுக்கு வீடு காசு போட்டு வாங்கியவை. எங்கள் சொத்து.

தினமும் நண்பகலில் கோயில் மணி அடிப்பவள் எல்ஸி. அவள் மகள் கார்மெனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. திங்கட்கிழமை நண்பகலில் வேலை தருபவர்கள் இணைப்பைச் சோதிப்பார்கள். அறுந்தால் கார்மென் கோலாலம்பூருக்குக் குடிபோக வேண்டியதுதான். எல்ஸி அன்று சிலுவையை விட்டுவிட்டு டிஷ்ஷையே கும்பிட்டாள்.*

* ஃபாதர் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

3.

ஈஸ்டர் காலை. (இரவுப் பூசைக்கு டவுன் கோயிலுக்குப் போயிருந்தோம்.) வழக்கப்படி பெரிய வியாழன் முதல் ஊமையாக இருந்த மணியை எல்ஸி ஆசைதீர இழுத்தாள். கோபுரம் அதிர்ந்தது, டிஷ் முகம் திருப்பியது, தோட்டம் முழுக்க லைன் செத்தது.

மணி அடிக்காத நாளில் சோதித்துவிட்டு வெற்றி என்று கைதட்டிய கத்தோலிக்கர்கள் நாங்கள். ஷரபுதீன் பாய் டொமினிக்கை போனில் பிடித்துக்கொண்டார்: “ஏன் மச்சான், ஒங்க மணி ஒங்களுக்கே ஞாபகம் இல்லையா?”

நாளைக்கு மட்டும் மணி வேண்டாம் அக்கா என்று டொமினிக் இழுத்தான்.

[இங்கே எல்ஸியை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். எல்ஸி அப்படிப்பட்டவள் இல்லை. பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

“நாளைக்கு அடிக்கல, சரி. அதுக்கு மறுநாளு? கார்மெனுக்குத் தெனமும் வேலை லா. மணிய இறக்கு,” என்றாள் எல்ஸி.

பூசை முடிந்த கையோடு, ஈஸ்டர் உடுப்போடேயே எல்லாரும் கயிறு பிடித்தோம். முன்பு காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் கொட்டகை உத்தரத்துக்கு மணி குடிமாறியது. டிஷ் மறுபடி கோப்பெங்கைப் பார்த்தது.

4.

முடிவுகள்.

(அ) திங்கட்கிழமை எல்ஸி பயந்து மணியைத் தொடவில்லை. கார்மெனுக்கு வேலை உறுதி. இது கோழை முடிவு. வேண்டாம்.

(ஆ) நடந்தது. நண்பகல், கார்மென் திரைக்கு முன்னால். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று எல்ஸி கயிற்றை இழுத்தாள். திரையிலிருந்த அதிகாரி பேச்சை நிறுத்தி, அது என்ன சத்தம் என்று கேட்டார்.

“எங்கம்மா,” என்றாள் கார்மென்.

அவர் காதுவரை மணி போயிருக்கிறது என்றால் லைன் அறுந்துபோகவில்லை. சன்னலோரம் மூச்சடக்கி நின்ற தோட்டமே குதித்தது.

(இ) இது உங்களுடையது. எதையும் தபாலில் அனுப்பியே பழகியவன் நான். இந்த ஞாயிறு, எல்ஸி மணி அடிக்கும்போதே, இந்தக் கதையை எங்கள் லைனில் அனுப்பப் போகிறேன். உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால் முடிவை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கயிற்றைப் பிடித்துவிட்டாள். முதல் மணி.

அழுத்துகிறேன்.