நானூற்றுப் பன்னிரண்டாம் சாட்சி

வானத்தில் எதையாவது பார்த்துவிட்டவர்கள் எழுதிப் போடுவதற்கென்றே அரசாங்கத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இருக்கிறது. வானிலை நிலையத்தின் பின்பக்கம், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில். இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, மூன்று ஆட்கள். மூவரில் ஒருவர் தலைவர் என்பதால், வேலை செய்பவர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரில் ஒருத்திதான் தெருவே வானத்தக்கா என்று கூப்பிடும் நம்முடைய ஆள்.

அலமாரியில் மூன்று அடுக்கு. மேலடுக்கு, விளக்கம் கிடைத்தவை: பலூன், பட்டம், விமானம், மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருந்த அழுக்கு. பிதுங்கிக்கொண்டு நின்றது. நடு அடுக்கு, விசாரணையில் உள்ளவை. கீழடுக்கு, விளக்கம் இல்லாதவை. பதினோரு வருடமாக அது காலி. சும்மாதானே கிடக்கிறது என்று வானத்தக்கா அதில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்து வந்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், பறக்கும் தட்டுகளை நம்புகிறீர்களா என்று கேட்பதும் அவர்கள் வேலைதான். போன வருடக் கணக்குப்படி நம்புகிறவர்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டு, நம்பாதவர்கள் முப்பத்தொன்று. மீதிப் பேர் சொன்ன பதில், "வீட்டுக்காரர் பக்கத்துல இல்லாதப்ப வாங்க."

வானத்தக்காவின் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நிரூபிக்காத எதையும் வாசற்படி தாண்டி உள்ளே விடாத மனிதர். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை தட்டு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் செய்தித்தாளைப் பிரித்துவிடுவார். முதல் வருடம் அவளும் சிரித்தாள். இரண்டாம் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வருடத்திலிருந்து நேரே சமையலறைக்குள் போய்விடுவாள். தன் மனைவி பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று அந்த மனிதர் ஒரே ஒரு நாள் நினைத்தால் போதும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

அப்போதுதான் அவள் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஃபாரம் வந்தது. சாட்சி யாரென்று தெரிந்தால் விசாரிப்பவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று, பெயர் இருக்கும் துண்டைத் தலைவர் முதலிலேயே கத்தரித்துவிடுவார். அவர் மெனக்கெட்டுச் செய்யும் ஒரே வேலை அது. ஆனால் கையெழுத்தைக் கத்தரிக்க முடியாதே.

"பார்த்த இடம்: பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடி. நேரம்: மாலை 4 மணி 10 நிமிடம் 20 நொடி. தெரிந்த காலம்: 11 நொடி. திசை: வடக்கிலிருந்து கிழக்காக 61 டிகிரி. கறுப்பு வட்டம். நடுவில் சிறு புடைப்பு. விளிம்பில் மினுமினுப்பு." ஸ்கேல் வைத்துப் போட்ட படம், அதன் கீழே 'படம் 1'. கடைசி வரி: "ஆகவே, இது பறவை அன்று."

அந்த ஆகவேயைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளிகைச் சீட்டில்கூட ஆகவே போடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். 'வீட்டில் சொன்னீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்தார்: "இல்லை. மனைவி சிரிப்பாள்."

"அடப்பாவி மனுஷா! சிரிக்கிறது யாரு, நானா?" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். தலைவர் விழித்துக்கொண்டார்.

"சார், இந்தக் கேஸை நான் எடுக்கக் கூடாது. சாட்சி எனக்குத் தெரிஞ்சவர்."

"எவ்வளவு தெரியும்?"

"கட்டிக்கிட்டவர்."

தலைவர் யோசித்தார். இன்னொரு விசாரணை ஆள், அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு விடுப்பில் படுத்திருந்தார். "பதினாலு நாளைக்குள்ள நேர்ல போய் விசாரிக்கணும்னு விதி இருக்கு. நீங்க எப்படியும் வீட்டுக்குத்தானே போறீங்க? அப்படியே விசாரிச்சுட்டு வந்துடுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வானத்தக்கா கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே போய், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள். வாத்தியார் திறந்தார். பெயரைத்தான் கத்தரித்துவிடுவார்களே என்று நம்பி எழுதிப் போட்டவர், அவள் கையில் இருந்த ஃபாரத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டார். ஒதுங்கி வழிவிட்டார்.

"வாங்க... மேடம்."

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சம்பவத்தன்னைக்கு மது ஏதாவது சாப்பிட்டிருந்தீங்களா?"

"உனக்கே தெரியும், நான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம்."

"கண் பார்வை எப்படி?"

"நல்லாத் தெரியும்."

"போன வாரம் உப்புன்னு சர்க்கரையை அள்ளிப் போட்டது?"

"அது ஃபாரத்துல இருக்கா?"

"இல்லை" என்று ஒப்புக்கொண்டாள். "வீட்ல ஏன் சொல்லலை?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "பதினோரு வருஷமாக் கேலி பண்ணிட்டு, இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது மேடம்?"

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "கூரைக்கு மேல அது பாட்டுக்கு எழும்புச்சு. சத்தமே இல்லை. திரும்பித் திரும்பி மினுங்கிட்டுப் போச்சு. எனக்குப் பயமா இல்லை, தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னு நிரூபிக்கத் தெரியலை." சொல்லும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. நானூற்றுப் பதினோரு பேரிடம் இப்படிக் கேட்டிருக்கிறாள்; இந்த ஆளிடம் கேட்டபோதுதான் பேனா நின்றது.

அன்று மாலை அவரே தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். "உன் வேலை லேசுப்பட்டதில்லம்மா. ஒருத்தன் சொல்றதைச் சிரிக்காமக் கேக்கறது எவ்வளவு பெரிய விஷயம்" என்றார். அடுத்த நான்கு நாளும் அவளுக்கு ராஜயோகம்தான். காலையில் செருப்பு இரண்டும் ஜோடியாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வானத்தக்கா கீழடுக்கிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துவிட்டு, அடுக்கைத் துணியால் துடைத்து வைத்தாள். இருந்தாலும் வேலை வேலைதானே. பட்டம் விட்டவர் யாருமில்லை, விமானம் எதுவும் போகவில்லை என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் தள்ளினாள். புதன்கிழமை முன்பக்கம் போய் வானிலைக்காரர்களிடம் கேட்டாள். சம்பவத்தன்று நாலு மணிக்கு மேற்கிலிருந்து பேய்க்காற்று என்றார்கள். பிறகு ஊர் வரைபடத்தை விரித்து, பள்ளிக்கூடத்திலிருந்து அறுபத்தொரு டிகிரியில் கோடு போட்டாள். கோடு தபால் பெட்டியைத் தாண்டி, சலவைக் கடையைத் தாண்டி, ஒரு வீட்டின் மேல் கச்சிதமாகப் போய் ஏறியது. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அவள் வீடுதான். கணக்கு வாத்தியார் கோணத்தில் தப்பு விட மாட்டாரே!

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஓடிப்போய் மொட்டை மாடிக்கு ஏறினாள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. விளிம்பில் ஒரு காக்கை, வாடகை கொடுத்துக் குடியிருப்பது போல உட்கார்ந்திருந்தது. மூடியைக் காணோம். காற்றில் பறந்துவிடும், ஒரு கம்பி போட்டுக் கட்டுங்கள் என்று அவள் ஆறு மாதமாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவரும் ஆறு மாதமாக "நாளைக்கு" என்றார். குடிதண்ணீருக்கு வேறு குழாய் இருந்ததால் இருவரும் பிழைத்தார்கள்.

காற்று போன பக்கமாகத் தேடிக்கொண்டு போனாள். மூடி இரண்டு தெரு கிழக்கே, தையல்காரர் கடையில் இருந்தது. மல்லாக்கப் போட்டு அதில் பொத்தான்களைக் கொட்டி வைத்திருந்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மேலேர்ந்து விழுந்துச்சுக்கா. உங்க ஆபீசுக்கு எழுதிப் போடலாமான்னுகூட யோசிச்சேன்" என்றார்.

மூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வானத்தக்கா தெருமுனையில் நின்றாள். எதிரே குப்பைத் தொட்டி. போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கீழடுக்கில் முதல் கேஸ். வீட்டில் ஆயுளுக்கும் மேடம். ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது, பொய் சொல்வானேன். ஆனால் நானூற்றுப் பதினோரு பேர் முகத்துக்கு நேரே அது பலூன், அது பட்டம் என்று சொன்ன வாய் இது. ஒரு அம்மாள் அழுதுவிட்டுப் போனாள். அந்த அம்மாளுக்கு ஒரு நியாயம், தன் புருஷனுக்கு ஒரு நியாயமா என்று நினைத்ததும் கால் தானாக வீட்டுப் பக்கம் நடந்தது.

வாத்தியார் பள்ளியிலிருந்து வந்ததும் மூடியை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுப் புடைப்பை ஸ்கேலால் அளந்தார். முகம் சுருங்கிப் போனது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"இது இல்லம்மா" என்றார் மெதுவாக. "அது இன்னும் மினுங்குச்சு."

நானூற்றுப் பதினோரு பேரும் சொன்ன அதே வாக்கியம். அவள் ஒருவரிடமும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. ஃபாரத்தின் கடைசியில் 'சாட்சியின் சொந்தக் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தாள். அவர் வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: "மூடியாக இருக்கலாம். ஆனால் பறந்தது உண்மை." ஆகவே போடவில்லை.

பிறகு கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நாலு முறுக்கு முறுக்குகிற வேலைதான். இறங்கி வர அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் வானத்தக்கா நானூற்றுப் பன்னிரண்டை மேலடுக்கில் திணித்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கீழடுக்கில் பழைய இடத்திலேயே வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"இன்னைக்கு எத்தனை தட்டு?"

சுருக்கென்றது. அவ்வளவுதான், நாலு நாள் ராஜயோகம் முடிந்தது என்று சமையலறையைப் பார்த்து நடந்தாள். இரண்டடி வைத்த பிறகும் சிரிப்புச் சத்தம் வரவில்லை. செய்தித்தாள் பிரியும் சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தாள் மடித்தபடியே மடியில் கிடந்தது. வாத்தியார் படிக்கிற கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ரெண்டு" என்றாள். "ஒண்ணு, ஏரிக்கரைப் பக்கம் ஒரு பல் டாக்டர் பாத்திருக்கார்."

"எத்தனை டிகிரி?"

வானத்தக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.