தறிக்குழியில் எர்த்

1

எங்கள் வீட்டில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் மாட்ட வந்தவர், "எர்த்துக்குக் குழி எங்கீங்க தோண்டறது? ஆள் கால் வெக்காத எடமா காட்டுங்க" என்றார். அங்கே பிடித்ததுதான் இந்தக் கதை. மூன்று நாளாக எழுதுகிறேன், முதுகு விட்டுப்போகிறது.

1943 கோடை. ஆட்டையாம்பட்டியில் வெயில் மண்ணை வறுத்து—

(வேண்டாம். வெயிலை எழுதி அலுத்துவிட்டது. மண் காய்ந்து கிடந்தது, அவ்வளவுதான்.)

2

மயில்சாமி வாடகைக் கார் ஓட்டுகிறவர். மனைவி தெய்வநாயகி வீட்டில் குழித்தறி* நெய்கிறவள். கார் பாட்டரி தீரும்போதெல்லாம் அதைச் சேலத்துக்குச் சுமந்து சலித்துப்போய், வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி வாங்கினார் மயில்சாமி. வயர்மேன் அப்துல் கரீம் கம்பி இழுத்து சுவிட்ச் வைத்தார். எப்போதும் ஈரமாயிருக்கிற மண்ணில்தான் எர்த் தகடு புதைக்க வேண்டும், நாளைக்கு வந்து புதைக்கிறேன், அதுவரை பெட்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் போனார்.

நாளைக்கு விடிந்தால் கல்யாணச் சவாரி. மயில்சாமி தானே தகட்டைப் புதைத்தார், தறிக்குழியில். நூல் அறாமலிருக்கத் தினமும் தண்ணீர் தெளிக்கிற இடம். அந்த வீட்டில் ஈரமண் அது ஒன்றுதான். பாட்டரியை மாட்டிச் சுவிட்சைப் போட்டார்.

(முதலில் இவரை முட்டாளாக எழுதி, அடித்துவிட்டேன். ஈரத்தைத் தேடியவருக்கு அங்கே ஒருத்தி உட்காருவது தோன்றவில்லை. இது முட்டாள்தனமில்லை. பழக்கம்.)

* தரையில் குழி. விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே வெறுங்காலால் மிதிகட்டையை மிதிக்க வேண்டும்.

3

பெட்டிக்குள் எங்கோ மின்சாரம் கசிந்தது, நேரம் ஆக ஆகக் கூடியது. எர்த் கம்பி அதை ஒழுங்காகக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஏனுங்க, கால் வெச்சாச் சுருக்குனு இழுக்குதுங்க."

"ஒக்காந்தே இருந்தா மரத்துத்தான் போகும்."

"மரத்த காலுல எறும்பு ஊரும். இது கடிக்குது. உங்க காருக்குத் தீனி எங்காலுதானுங்களா?"

அவர் சிரித்தபடி செருப்புக் காலோடு குழியில் இறங்கப் போனார்.

"தறிக்குழிக்குச் செருப்போடயா? கழட்டிப்போட்டு எறங்குங்க. அப்பத் தெரியும்."

4

முடிவு அ: கரீம் அந்நேரம் வந்து சுவிட்சை அணைக்கிறார். (நாளைக்கு வருகிறவரை இன்றைக்கு எப்படி வரவழைப்பது?)

முடிவு ஆ: மயில்சாமியின் கால் ஈரத்தில்—

இல்லை. இதை என்னால் எழுத முடியாது. தோல் செருப்பில் ஒன்றைக் கழற்றிவிட்டார், மற்றதன் வாரில் விரல் இருக்கிறது. சுவிட்ச் அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு எட்டில். அதை அணைக்கச் சொல்லி நான் சொல்லிப் பார்த்தேன், எழுதுகிறவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள்.