கடைசி டியூபில் ஓர் ஆள்

திங்கட்கிழமை காலை தாடி தாடியில்லாமல் வந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொரு வருடமாகப் பக்கத்து மேஜையில் உட்காரும் மனிதர்; ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் 'தாடி'தான். அந்த முகவாய் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இப்பவாவது நம்புவீங்களா அக்கா?" என்றார்.

"மெஷின் சொல்லட்டும், நம்புறேன்" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் எங்கள் வேலை நடக்காது.

எங்களுடையது இரத்தப் பரிசோதனை ஆய்வகம். அக்காளோ தங்கையோ கொடுத்த எலும்பு மஜ்ஜையால் பிழைத்த ஆண்களின் இரத்தம் எங்களிடம் வரும். இப்போது அவர்கள் உடம்பில் ஓட வேண்டியது சகோதரியின் இரத்தம். அதில் பழைய ஆண் செல் ஒன்றிரண்டு தலைகாட்டினால், நோய் திரும்புகிறதோ என்று பயப்பட வேண்டும். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் கடைசி டியூபில் ஒரு பெண்ணின் இரத்தத்தை வைப்போம். அதில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற டியூப்கள் சொல்வதை நம்பலாம். அந்தப் பெண் நான்தான். ஆறு வருடமாக என் டியூபில் பூஜ்யம் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் புது மெஷின் வந்தது. பத்து லட்சம் செல்களுக்கு நடுவே நாலு வேறாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், பழையதற்கு அவ்வளவு கூர்மை கிடையாது என்றார்கள். வந்த அன்றே கடைசி டியூபில் நாலு ஆண் செல். மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து. பன்னிரண்டு வேலை நாள் ஒரு ரிப்போர்ட்கூட வெளியே போகவில்லை. நோயாளிகளின் வீட்டார் ரிசப்ஷனில் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கிருந்தோ ஓர் ஆணின் துணுக்கு உள்ளே விழுகிறது. அறையில் இருக்கும் ஒரே ஆண் தாடி. விடுவேனா நான்? அவர் தாடிக்கு வலை மாட்டவைத்தேன். இரண்டு கையுறை போடவைத்தேன். வெளி அழுக்கு கலந்துவிட்டது என்ற பொருளில் 'கன்டாமினேஷன், காரணம்: தாடி' என்று தினமும் பதிவேட்டில் எழுதினேன். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதுவும் போதாமல், இவர் இருக்கும்வரை இந்த அறை சுத்தமாகாது என்று சனிக்கிழமை ஆய்வகத் தலைவரான டாக்டரிடம் கடிதமே கொடுத்துவிட்டேன். அவர் ஒப்பந்த ஊழியர். டாக்டர் கையெழுத்துப் போட்டால் மாசக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். திங்கட்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மழித்த முகத்தோடு அவர் அடுக்கிய அன்றைய வரிசையிலும் என் டியூபில் நாலு ஆண் செல்.

"பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "அக்கா, திட்டாதீங்க. இன்னிக்கு ஒரு டியூப் கூடுதலா வச்சேன். ரிசப்ஷன் பொண்ணுகிட்ட கேட்டு வாங்கின ரத்தம். அதே கை, அதே நேரம். அதுல பூஜ்யம். உங்க டியூப்ல மட்டும்தான் வருது."

"மட்டும்தான்னா என்ன அர்த்தம்? என் ரத்தத்துல ஆம்பளை ஓடுறானா? வேலை போகப்போகுதுன்னதும் பழியைத் தூக்கி என் தலையில போடுறீங்களா?"

"நீங்களே செஞ்சு பாருங்க. நான் உள்ளயே வரல" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செய்தேன். ரத்தம் எடுக்கவும் தெரிந்த ரிசப்ஷன் பெண் வந்து என் கையில் ஊசி குத்தி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைத் தாழிட்டேன். மேஜையை இரண்டு தடவை துடைத்தேன். ஒரு டியூபில் வெறும் தண்ணீர், ஒன்றில் அந்தப் பெண்ணின் இரத்தம், இரண்டில் என்னுடையது. ஒன்றே முக்கால் மணி நேரம் மெஷின் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று இன்று பார்த்துவிடுவது என்ற வீம்பு.

தண்ணீர் பூஜ்யம். அந்தப் பெண் பூஜ்யம். நான் நாலு. மறுபடியும் நான், நாலு.

முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு எழுந்து போய் கோப்பிலிருந்து என் படிவத்தை எடுத்தேன். கடைசி டியூபுக்கு இரத்தம் கொடுக்கும் பெண்கள் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தைத் தயாரித்ததே நான்தான். வயிற்றில் வளர்ந்த பிள்ளையின் செல்களில் சில தாயின் உடம்பிலேயே தங்கிவிடும், பல வருடம் கழித்தும் இருக்கும், அதனால் ஆண் குழந்தையைச் சுமந்தவள் இதற்கு ஆகமாட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதை வகுப்பு எடுப்பவளும் நான்தான். 'ஆண் குழந்தை உண்டானதா?' என்ற கேள்விக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: 'இல்லை. ஒரே மகள்.'

பொய்யாக எழுதவில்லை. மகளுக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. ஐந்தாம் மாதம். பதினேழு வருடம் ஆகிறது. மயக்கம் தெளிந்து பார்த்தபோது வயிறு காலியாக இருந்தது. என்ன பிள்ளை என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காமல் இருந்து இருந்து, படிவம் எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. சுமந்தவள் நான், எனக்கே தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் நான் போன் செய்ததே கிடையாது.

"என்னம்மா, பாப்பாவுக்கு ஏதாவது...?"

"அவ நல்லா இருக்கா. அவளுக்கு முன்னாடி போச்சே, அது பையனா பொண்ணா?"

பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் எங்கேயோ நடந்து போனார் போல, சத்தம் குறைந்தது.

"இப்ப எதுக்கு அது?"

"பையனா, பொண்ணா?"

"பையன்தான்" என்றார். "நர்ஸம்மா என் கையில குடுத்தாங்க. ஒரு கைக்குள்ள அடங்கிட்டான். நீ கேட்டா சொல்லணும்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்ல." பிறகு, "யாரு சொன்னா உனக்கு?" என்றார்.

"மெஷின்."

"என்னது?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். பதினேழு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்த ஆத்திரம் அவரோடு நிற்கவில்லை. கேட்காதவள் நான்தானே.

மணி மூன்று. தாடி பெஞ்சில் உட்கார்ந்து மழித்த முகவாயைத் தடவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று எழுந்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். தாடி உட்கார்ந்தார், நான் உட்காரவில்லை. என் கடிதம் மேஜைமேல் இருந்தது. பேனா திறந்திருந்தது.

"அந்த லெட்டர் தப்பு டாக்டர். இவர் மேல எந்தத் தப்பும் இல்ல. என் ரத்தத்துலதான் வருது. நானே தனியா செஞ்சு பாத்துட்டேன்."

டாக்டர் என் படிவத்தைப் புரட்டினார். "உங்களுக்கு ஒரே பொண்ணுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"அதுவும் தப்பு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரி, திருத்திடலாம். பன்னெண்டு நாளும் கன்டாமினேஷன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என்னன்னு போடட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பன்னிரண்டு நாள் நான் அவனை அழுக்கு என்று எழுதியிருக்கிறேன். துடைத்து வெளியே தள்ள வழி தேடியிருக்கிறேன்.

"கன்டாமினேஷன் இல்ல டாக்டர். அது என் பையன்."

டாக்டர் பேனாவை மூடினார். தாடி எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.