நல்ல வேளையாக

சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றுகொண்டு ஈர்ப்பு விசையைப் பற்றிச் சண்டை போடும் மனிதர்களை அந்தத் தெரு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது. சொத்துத் தகராறு என்று நினைத்து எதிர்வீட்டம்மா ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். விஷயம் விளங்கியதும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“ஒரே வகைக் கடிகாரத்தை வெச்சு அளந்துட்டு, பிரபஞ்சத்துக்கே தீர்ப்புச் சொல்லிட்டா ஆச்சா?” என்றார் தாடிக்காரர்.

“இன்னும் எத்தனை வகை வேணும் உங்களுக்கு? பூமிகிட்ட வந்தா மெதுவா ஓடுது, தள்ளிப் போனா வேகமா ஓடுது. சார்பியல் சொன்ன கணக்கு அப்படியே வருது. உங்க மாற்றுக் கொள்கை செத்து நாலு வருஷம் ஆச்சு சார்” என்றார் பேராசிரியர்.

இருவரும் ஒரே பல்கலைக்கழகம். வந்ததும் ஒரே காரில். சண்டையையும் காரிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். இறங்கும்போது விட்டுவிட்டு வர மனம் வரவில்லை போலும்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா, பேராசிரியரின் கோட்டுத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அவளுடைய தம்பி. பெட்டிக்குள் இருந்தவர் அவள் கணவர். இத்தனை விலை போட்டு வாங்கிய கோட்டில் வலது தோள் அரை விரல் இறங்கியிருந்தது. துக்கத்திலும் அது கண்ணில் பட்டுத் தொலைத்தது. தொழில் புத்தி.

அவள் கணவர் செயற்கைக்கோள்களுக்குக் கட்டளை அனுப்பும் வேலையில் இருந்தார். ஒருமுறை அச்சாக ஒன்றுபோலவே இரண்டு கோள்களை மேலே அனுப்பினார்கள். இரண்டிலும் துல்லியமான கடிகாரம். வண்டியோட்டிகளுக்கு வழி காட்ட. மனிதர் ஒன்றுக்குப் போகவேண்டிய கட்டளையை மற்றதற்கு அனுப்பிவிட்டார். இரட்டைப் பிள்ளைகளில் காய்ச்சல்காரனை விட்டுவிட்டு நன்றாக இருப்பவன் வாயில் மருந்தை ஊற்றிய கதைதான். வட்டமாகச் சுற்றவேண்டிய கோள் முட்டை மாதிரி நீண்ட பாதையில் போய் மாட்டிக்கொண்டது. வழிகாட்ட உதவாது என்று அதைக் கைகழுவினார்கள். அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். தெரு அவருக்கு ‘முட்டை சார்’ என்று பேர் வைத்தது. ஆரம்பித்து வைத்தது யார் என்று எதிர்வீட்டம்மாவிடம் கேட்டால், சத்தியமாகத் தெரியாது என்பாள்.

அந்த முட்டைப் பாதைதான் தம்பிக்குக் கிடைத்த புதையல். வட்டப் பாதையில் கடிகாரம் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. இதுவோ பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி, ஈர்ப்பு விசை நேரத்தை என்ன பாடு படுத்துகிறது என்று தானாகவே காட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதை வருஷக்கணக்கில் அளந்தான். பட்டம் வந்தது, பரிசு வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள். எல்லாப் பேட்டியிலும் ஒரே வாக்கியம்: “நல்ல வேளையாக, அந்தக் கோள் பாதை மாறிவிட்டது.”

முட்டை சார் டிவியை அணைப்பார். “கேட்டியா? என் பேரு நல்ல வேளையாம்.” சிரிக்கவும் செய்வார். அப்புறம் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து அவள் தம்பிக்குப் போன் செய்தாள். “மாமா உன்னக் கூப்பிடச் சொல்லல. ஆனா கதவையே பாத்துட்டு இருக்காரு. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா, உங்களாலதான் மாமா எனக்கு இதெல்லாம்னு. பொய்யா சொல்லச் சொல்றேன்?”

“கருத்தரங்கு இருக்குக்கா. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்.”

சொன்ன சொல் தவறாதவன். அடுத்த வாரம் வந்துவிட்டான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இப்போதும் காத்திருந்தாள். அவருக்கு இனிக் கேட்காது, தெருவுக்குக் கேட்குமே. முட்டை என்ற பேரோடு அவர் இந்தப் படியிறங்கக் கூடாது.

வண்டி வந்து கீழே நின்றது. “தம்பி, எடுக்கறதுக்கு முன்னால மாமாவப் பத்தி எல்லாருக்கும் ரெண்டு வார்த்தை சொல்லேன்” என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

தம்பி தொண்டையைச் செருமினான். மேடைப் பழக்கம். “மாமா ரொம்ப எளிமையானவரு. படிக்கற காலத்துல எனக்குச் சோறு போட்டவரு. ஒரு அதிர்ந்த பேச்சு கிடையாது...” கொஞ்சம் நிறுத்தினான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வேலையில ஒரு சின்னச் சறுக்கல். இன்னிக்கு எதுக்கு அதெல்லாம்? மறந்துடுவோம்.”

என்ன பெருந்தன்மை என்பதுபோல் எதிர்வீட்டம்மா தலையை ஆட்டினாள்.

“எதுக்கு மறக்கணும்?” என்றார் தாடிக்காரர். பெட்டிக்குள் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். “என் கொள்கையை ஒருத்தராலயும் அசைக்க முடியல. அசைச்சது இந்த மனுஷன். அந்தக் கோள் ஒழுங்கா வட்டம் போட்டிருந்தா இவன் கையில என்ன இருந்திருக்கும்? வெறுங்கை. தோத்துட்டேன்னு இவன்கிட்ட சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன். இவர்கிட்ட ஒத்துக்கறேன். அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்ப முட்டை சாருதான் பெரிய ஆளா?” என்று எதிர்வீட்டம்மா பக்கத்து நாற்காலியின் காதைக் கடித்தாள்.

“உணர்ச்சிவசப்பட்டுப் பேசறாருக்கா” என்றான் தம்பி. “அறிவியல்ல தனி ஆள்னு ஒண்ணும் கிடையாது. நல்ல வேளையா...” அதற்குமேல் போகவில்லை.

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். தம்பி முன்னால் வந்து, தலைமாட்டில் நின்ற ஆளை விலக்கிவிட்டு, வலது பக்கத்துப் பிடியில் கை வைத்தான்.

“நீ விடுப்பா” என்றாள் அவள்.

“ஏங்க்கா?”

“உன் தோள் எறங்கியிருக்கு. சமமா வராது.”

பிறகு தாடிக்காரர் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க பிடிக்கறீங்களா?”

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்தார். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, மெதுவாக இறங்கியது. தையல்காரம்மா அதன் பின்னாலேயே போனாள். தெரு மொத்தமும் அவள் பின்னால் இறங்கியது.

கூடத்தில் தனியாக நின்ற தம்பி, கோட்டுத் தோளைப் பிடித்து மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கையை எடுத்ததும் அது மறுபடியும் இறங்கியது.