சுவருக்கு வெளியே கிடந்த மண்

"எங்க தம்பிப் பாப்பா மோட்சத்துக்குப் போயிருக்குமா, உபதேசியாரே?"

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் லூர்து இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை விட்டுப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அவள் கேட்ட பாப்பா பிறந்து அரை நாள்கூட இருக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமலே கண்ணை மூடிவிட்டது.

உபதேசியார் சவுரிராயன் எந்தக் கேள்விக்கும் தயங்குகிறவர் அல்ல. "ஆதாம் வழியா வந்த ஜென்மப் பாவம் கழுவப்படாத பிள்ளை ஆண்டவரோட முகத்தைப் பார்க்க முடியாது. பெரிய வேதபாரகர் அர்ச்சிஷ்ட அகுஸ்தீனே சொல்லியிருக்கார்" என்றார்.

"அப்ப பாப்பா எங்க இருக்குது?"

"மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல. நடுவுல ஓரிடம்."

"நடுவுலன்னா, ஊருக்கு நடுவுல ஓடுற பெரிய வாய்க்கால்லயா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. லூர்து மட்டும் சிரிக்கவில்லை.

சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று சவுரிராயன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பிள்ளை ஏன் அப்படிப் போயிற்று என்பது அவருக்குத் தெரியும்.

அது மாதா திருவிழாவுக்கு முந்தின நாள். மில்லில் வேலை பார்க்கும் லூர்துவின் அப்பா சந்தியாகு, சாரம் கிராமத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான். "பிள்ளை மூச்சு தேறாதுன்றாங்க. சாமியாரக் கூப்பிடுங்க!" சாமியார் வில்லியனூருக்குப் போயிருந்தார். இப்படிப்பட்ட ஆபத்தில் உபதேசியாரே போய்த் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். "நீ முன்னால போ, பின்னாலயே வரேன்" என்றார் சவுரிராயன். தேர் உச்சியில் காகிதப்பூ கோணலாக இருந்தது. அதை நிமிர்த்திக் கட்டத் தம்மைவிட்டால் ஆளில்லை என்று நினைத்தார். கட்டி முடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளையின் தாய் அருளாயி அதன் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிவிட்டிருந்தாள்.

லூர்து கேள்வி கேட்டதற்கு அடுத்த ஞாயிறு, பூசையில் அருளாயி நற்கருணை வாங்க எழுந்து வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோயில் வாசலில் சவுரிராயன் அவளை நிறுத்திக் கேட்டார்.

"எம் பொண்ணு வந்து சொல்லிச்சு. அவனுக்கு எடம் இல்லாத மோட்சத்துல எனக்கு மட்டும் இன்னா வேல? நானும் அந்த நடுவுலயே இருந்துக்கறேன்" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. முடிவு செய்துவிட்டவளின் பேச்சாக இருந்தது. ஒரு தாய் தன் மோட்சத்தை வேண்டாமென்று வைத்துவிட்டுப் படியிறங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வயதான பிரெஞ்சுச் சாமியாரிடம் போய், அவள் சொன்னதைச் சொன்னார். சாமியார் அலமாரியிலிருந்து தடித்த புத்தகங்கள் இரண்டை இறக்கினார்.

"அகுஸ்தீன் மகா பெரியவர். அவர் சொன்னதை ஆயிரத்தைந்நூறு வருஷமாகச் சுமக்கிறோம், நீரும் நானும் சுமக்கிறோம். ஆனால் அவருக்குச் சற்று முன்னே கீழ்த்திசையில் நீசா நகரத்து ஆயர் கிரகோரியார் இருந்தார். அவரும் திருச்சபை போற்றும் அர்ச்சிஷ்டவர்தான். தீமையே அறியாத சிசுவுக்கு வேதனை இல்லை, அது தன் அளவுக்கு ஒளியைப் பார்க்கும் என்று நினைத்தார்."

"இதுல எது சரி, சாமி?"

"திருச்சபை கடைசி வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை ஒளியைப் பார்க்கும் என்று நம்புவதற்கு யாரும் தடை போடவுமில்லை. நீர் ஏன் இந்த இருவரில் ஒருவரை மட்டும் பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போனீர்?"

சவுரிராயன், கண்டிப்பான பதிலைச் சொல்லும்போது தமக்கே ஒரு பெருமை இருந்ததை நினைத்துக் கூசினார்.

சந்தியாகு மில்லுக்குப் போயிருந்த பகலில் சாரத்துக்குச் சென்றார். அருளாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிரகோரியார் சொன்னதைச் சொன்னார். அவள் கை நின்றது.

"நெசமா? பெரியவங்க யாராச்சும் அப்பிடிச் சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க. நான்தான் உம் பொண்ணுகிட்ட சொல்லல. இன்னொண்ணும் இருக்குதும்மா. அன்னிக்கு நான் உடனே கிளம்பல. தேருக்குப் பூ கட்டிட்டிருந்தேன்."

"தெரியும். எங்க வீட்டுக்காரரு அப்பவே சொல்லி அழுதாரு."

தெரிந்தும் இத்தனை நாள் ஒரு சொல் சொல்லவில்லை. இதற்கு அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அது மட்டுமில்ல, அருளாயி. ஆபத்துல யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தலாம். உம் புருஷனே ஊத்தியிருக்கலாம். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லிக்குடுத்ததில்ல. எங்க கையிலயே இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்."

"எனக்குக் குடிக்கக் குடுக்க, கையில சொம்புத் தண்ணியோடதான் நின்னாரு" என்றாள். பிறகு கீரையை ஒதுக்கிவிட்டு, "மத்த பொம்பளைங்களுக்கெல்லாம் இதச் சொல்லிக்குடுங்க. எங்க வீட்டுக்காரரு காதுல மட்டும் உங்க வாயால போட்டுடாதீங்க. தாங்க மாட்டாரு" என்றாள்.

"சரிம்மா."

"நான் செத்தா கல்லறைக்குள்ள மந்திரிச்ச மண்ணுல போடுவாங்க. அவன் ஞானஸ்நானம் இல்லன்னு சுவத்துக்கு வெளிய கெடக்கறான். அதுதான் இன்னும் ஆற மாட்டேங்குது." அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் தரட்டுமா?" என்று எழுந்தாள்.

அந்த மோரை அவரால் மறுக்கவும் முடியவில்லை, நிம்மதியாகக் குடிக்கவும் முடியவில்லை.

அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். குழி வெட்டும் காத்தவராயன் சாப்பிடப் போயிருந்தான். அவனுடைய மண்வெட்டியும் கூடையும் வேப்பமரத்தடியில் கிடந்தன. சவுரிராயன் மேல்துண்டைத் தலையில் சுருட்டிக்கொண்டு, யாரும் புதைக்கப்படாத ஓர் ஓரத்தில் மந்திரித்த மண்ணை வெட்டினார். கூடையைச் சுமந்து வாசல் வழியாக வெளியே போய், சுவரைச் சுற்றி நடந்தார். மழையில் கரைந்து, இருப்பதே தெரியாமல் கிடந்த பிள்ளையின் சின்னக் குழிமேட்டின் மேல் கொட்டினார். மறுபடி போனார். மறுபடி வந்தார். சாமியாரிடம் அனுமதி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அவர் கேட்கவில்லை.

மேடு நிறைந்ததும் உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். பரமண்டல மந்திரத்தை முணுமுணுத்து ஜெபித்தார். சிலுவை எதுவும் நடவில்லை. மண்வெட்டியையும் கூடையையும் மண் போகத் துடைத்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காத்தவராயன் வருவதற்குள் தெருவில் இறங்கி நடந்தார்.